கடலில் அறுந்த தண்டவாளம்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, படுத்தால் தூக்கம் வருகிறதா என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும், கேட்டுவிட்டேன், பதிலை மட்டும் பொய் சொல்லாமல் எழுது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று எழுதுகிறேன். எனக்குக் கடையில் நின்று நின்று கால் வீங்குவது வழக்கம்தான். அப்பாவுக்கு வலது தோள் வலி, அதன் காரணம் பின்னால் வருகிறது. இந்தக் கடிதத்தோடு சின்னப் பெட்டி ஒன்றும் வந்திருக்கும், அதில் பஞ்சுக்கு நடுவே ஒரு பென்டிரைவ் இருக்கிறது. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைச் செருகு, நடுவில் எழுந்து ஓடாதே. பொட்டலத்தைக் கிழித்து எறிந்துவிட்டு அப்புறம்தான் யார் கொடுத்தது என்று கேட்கிற பெண் நீ, அதனால் சொல்கிறேன். இதை நெட்டிலேயே அனுப்பலாம் என்று கம்ப்யூட்டர் கடைக்காரம்மா சொன்னார், அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. காத்துல போனா பாதி உதிர்ந்துரும், கையில குடுத்தது கையில போய்ச் சேரட்டும் என்றார். ஏற்கெனவே பாதி உதிர்ந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு நீ ஃபோனை வைத்துவிட்டதில் நடந்தது எதையும் நான் உனக்கு முறையாகச் சொல்லவே இல்லை, உனக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பி போனபிறகு முன்னறையில் நாங்கள் எதையும் மாற்றவில்லை, கட்டிலை மட்டும் மடித்துச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறோம். அவன் படுத்தபடியே கம்ப்யூட்டர் பார்க்க வசதியாக மேசைக்கால்களுக்கு அடியில் அப்பா செங்கல் வைத்து உயர்த்தினாரே, அந்தச் செங்கல்களும் இருக்கின்றன, ஆகையால் இப்போது அங்கே நாற்காலி போட்டு யார் உட்கார்ந்தாலும் கை காதுக்கு நேராகப் போகிறது. அப்பாவின் தோள்வலி அதனால் வந்ததுதான். செங்கலை எடுத்துவிடலாமே என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறார். வீட்டில் இப்போது அவ்வளவு அமைதி. எந்நேரமும் காதோரம் ஙொய் என்று எதையாவது முனகிக்கொண்டே இருக்கிறான் என்று அவனுக்குக் கொசு என்று பேர் வைத்தவள் நீ. இப்போது நிஜக் கொசு வந்து காதில் பாடினாலும் அப்பா அடிப்பதில்லை, கையை ஓங்கிவிட்டு அப்படியே கீழே இறக்கிக்கொள்கிறார். இதை எழுதியிருக்கக்கூடாதோ என்னவோ, எழுதிய வரியை அடித்துவிட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

நீயும் தம்பியும் சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டில் உண்டாக்கிய அந்தக் கட்டம் கட்டமான உலகம் எனக்கு எப்போதுமே பிடிபட்டதில்லை. மண்ணை வெட்டுவது, கல்லை அடுக்குவது, ஆட்டை அடைப்பது, வீட்டில் ஒரு தட்டைக்கூட இடம் மாற்றி வைக்காத பிள்ளை அங்கே போய் விழுந்து விழுந்து வேலை செய்கிறானே என்று திட்டியிருக்கிறேன். நீ வேலை கிடைத்துப் போனபோது விளையாட்டிலும் கடலைத் தாண்டிப் போய் ஒரு மலைமேல் வீடு கட்டிக்கொண்டாயாம். அக்கா அங்கயும் வெளியூர் போயிட்டாம்மா என்று அடுப்படிக்கு வந்து புகார் சொன்னான். பிறகு உனக்கு வேலை தலைக்கு மேல் ஏறி நீ உள்ளே வருவது குறைந்து, நின்றே போனது. அதன்பிறகுதான் அவன் தன் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு ரயில் பாதை போட ஆரம்பித்தான். நோய் ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் போட்டான், கடைசியில் கம்ப்யூட்டர் எலியைப் பிடிக்கிற கைக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டும் போட்டான். அவன் போனபிறகு, பாதை எது வரைக்கும் வந்தது, என் வீடு வந்து சேர்ந்ததா என்று நீ என்னைக் கேட்டாய். உனக்கு வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்றுதான் தெரியவேண்டும் என்பதும், ஏன் தெரியவேண்டும் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த வாரம் வர்றேன்டா என்று நீ அவனிடம் சொன்ன வாரங்களை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதைக் குற்றமாக எழுதவில்லை மகளே, உன் வயிற்றுப்பாட்டை நீ பார்க்காமல் யார் பார்ப்பது.

அந்தக் கம்ப்யூட்டர் அவன் போனபிறகு தானும் போகிறேன் என்று அடம்பிடித்தது. போட்டால் நீலமாகத் திரை வரும், அணையும், மறுபடி தானே எழும். மேசைமேல் சும்மா கிடந்தால் கிடக்கட்டுமே என்றேன் நான். அவன் தொட்ட மெஷின், ஓடிக்கிட்டே இருக்கணும் என்று அப்பா கடைக்காரம்மாவைக் கூட்டிவந்தார். முழுக்கத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டால்தான் சரியாகும், அதனால் வேண்டியதை முன்னாடியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் தெளிவாகச் சொன்னார், அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அப்பா படங்களை எடுத்தார், மதிப்பெண் சான்றிதழ்களை எடுத்தார், கொசு பாடிப் பதிந்து வைத்திருந்த பாட்டுகளை எடுத்தார், கடைசியாகத் திரையில் இருந்த விளையாட்டின் அந்தச் சின்னப் படத்தையும் இழுத்துப் பென்டிரைவுக்குள் விட்டார். உன் அப்பாவின் வேலை முறை உனக்குத் தெரியும், லிஃப்டில் ஒரு பல்பு மாற்றினாலும் தானே ஏறி மேல்மாடி வரைக்கும் போய் இறங்கி வராமல் சாவியைத் திருப்பித் தரமாட்டார். அதே மாதிரி இதற்கும் சோதனை ஓட்டம் பார்த்தார். பென்டிரைவைக் கழற்றி, திரும்பச் செருகி, அதற்குள் இருந்த படத்தை அழுத்தினார். விளையாட்டு திறந்தது, உலகம் வந்தது, கொசு கடைசியாக நின்ற இடம் வந்தது. ஓடுது என்றார். மூடி, பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துடைச்சிரலாம்மா என்று கடைக்காரம்மாவிடம் சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்று பேர் வேறு. அந்தப் படம் பென்டிரைவிலிருந்து இல்லை, அதே கம்ப்யூட்டருக்குள் இருந்ததைத்தான் திறந்துகாட்டியது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும். அவசரக்காரன் செய்திருந்தால் அது வேறு. சோதித்துப் பார்க்கிற மனிதரை அந்தச் சோதனையே ஏமாற்றிவிட்டது.

நீ உலகத்தை அனுப்பச் சொன்ன அன்று அலமாரியைத் திறந்து எடுத்துச் செருகினால் வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்று இருந்தது, அழுத்தினால் எதையோ தேடியது, கிடைக்கவில்லை என்றது. ஸ்பீக்கரில் நீ கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஐகானைப் போய் எடுத்து வெச்சிருக்கீங்களேப்பா, அது வீட்டு வாசல்ல மாட்டுற பேர்ப்பலகைப்பா, பலகையைக் கழட்டி வெச்சுக்கிட்டு வீட்டை இடிச்சிட்டீங்களே என்றாய். ஃபோனை வைத்துவிட்டாய். அதன்பிறகு என்னோடு பேசுகிறாய், அவரைக் கேட்பதில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் எதையோ தேடுகிறமாதிரி அறைக்குள் வந்து, இழுப்பறையைத் திறந்து மூடி, நான் வைத்தபிறகு நல்லா இருக்காளாமா என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பார். வேலையிலும் ஒரு சங்கடம் வந்தது. பழுது பார்த்த லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்குகிறவர் மறுபடி மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தார், சாவியைக் கொடுக்க மனமில்லை. கட்டடத்தில் ஒருவர், என்ன சார் லிஃப்டை ரிப்பேர் பண்ண வந்தீங்களா இல்ல குடித்தனம் பண்ண வந்தீங்களா என்று கேட்டிருக்கிறார். இவர் சிரித்துவிட்டு மறுபடி ஏறியிருக்கிறார். மேற்பார்வையாளர் என் கடைக்கே வந்து, அண்ணனைக் கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுக்கங்க, வேலைப் பட்டியல்லேர்ந்து பேரை நான் எடுக்கல என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நீ அனுப்பிய நீளச் செய்தியை, மெஷினை அணைத்துவை, ஒன்றையும் எழுதாதே, பேரின் கடைசியில் இன்ன வால் உள்ள ஃபைல்களைத் தேடச் சொல் என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே கடைக்காரம்மாவிடம் காட்டினேன். அவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே படித்தார். அழிச்சா அழிஞ்சு போறதில்லம்மா, வாசல்ல இருந்த பேரைத்தான் எடுத்துட்டோம், உள்ள ஆள் அப்படியேதான் இருப்பாங்க, அந்த எடத்துல வேற யாராவது குடி வந்துட்டாத்தான் ஒண்ணும் செய்ய முடியாது என்றார். அவர் போட்ட புது விண்டோஸ்தான் குடிவந்த முதல் ஆள் என்பதையும் அவரே சொன்னார், மறைக்கவில்லை. டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். தினமும் கடை முடிந்து நான் அங்கே போய் நிற்பேன், திரையில் பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகரும். ஒரு நாள் பாதிப் படங்கள் வந்தன, ஒன்றில் கொசுவின் நெற்றி மட்டும், கீழே சாம்பல். என்ன தேடுறோம்னு தெரிஞ்சா வேணாத்தைப் பாக்காம இருக்கலாம், நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க என்று கடைக்காரம்மா திரையைத் திருப்பி வைத்துக்கொண்டார். உலகத்தின் துண்டுகள் வந்தபோது பேரே இல்லாமல் வந்தன. ஒவ்வொரு ஃபைலும் ஒரு சதுர நிலமாம், பேர் போனாலும் தான் எந்த இடத்து நிலம் என்பது அதன் வயிற்றுக்குள் எழுதியிருக்குமாம், அதைப் பார்த்துப் பார்த்து அந்தந்த இடத்தில் வைத்தார். பெரும்பாலும் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் என்ன இருக்கும், வெறும் ஓட்டையா என்று கேட்டேன். ஓட்டை இருந்தாத் தேவலையே என்றார். கிடைக்காத இடத்துக்கு நீங்க போனா விளையாட்டே புதுசா நிலம் போட்டுரும், பழைய அச்சுலதான் போடும், அதே மலை, அதே ஆறு, ஆனா ஒரு ஆள் காலே வைக்காத மாதிரி இருக்கும் என்றார். திறக்குமுன் ஒரு நகல் எடுத்து, கிடைத்தது கிடைத்தபடி தனியாக வைத்தார். அன்றே இதை உன்னிடம் ஃபோனில் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை, கொஞ்சம் கிடைச்சிருக்கு, பாத்துட்டிருக்காங்க என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்து நகலைத் திறந்தோம். கொசு கடைசியாக நின்ற இடத்தை வைத்திருந்த ஃபைல் பழையதாகத்தான் கிடைத்ததாம், அதனால் விளையாட்டு எங்களை அவன் வீட்டுக் கட்டிலில் கொண்டுபோய் விட்டது. அப்பாவுக்கு நடக்கத் தெரியவில்லை, சுவரில் முட்டிக்கொண்டே நின்றார், நான் ஒரு பொத்தானும் அவர் ஒரு பொத்தானுமாக அழுத்தி வெளியே வந்தோம். மகளே, அவன் என்னவெல்லாம் கட்டி வைத்திருக்கிறான். என் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது, உள்ளே சுவரில் எழுத்துப் பலகைகூட இருக்கிறது, பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை. பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கோபுரம், அதற்குள் லிஃப்ட், ஒரு நெம்புகோலைத் தள்ளினால் நிஜமாகவே மேலே போகிறது. வாசலில் பலகை, இந்த லிஃப்ட் பழுதானால் மெக்கானிக்கை எழுப்பவேண்டாம், அவர் இதற்குள்தான் இருப்பார் என்று எழுதியிருக்கிறான். அப்பா ஏறினார், மேலே போனார், இறங்கினார், மறுபடி ஏறினார். அப்புறம் ரயில் நிலையம். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் தானே ஓடுகிறது, வழியெல்லாம் மஞ்சள் தீப்பந்தங்கள், வளைவுக்கு வளைவு உனக்கு ஒரு பலகை. அக்கா இடது பக்கம் பார், ஆடு. அக்கா வலது பக்கம் பார், அதே ஆடு. டிக்கெட் எடுக்காத அக்காக்கள் கடலில் தள்ளப்படுவார்கள். நான் சிரித்தேன், அவன் போனபிறகு முதல்முறை, சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கடல் வந்தது. தண்ணீருக்குள் தூண் ஊன்றி ஊன்றி மேலே பாதை போட்டிருக்கிறான், எவ்வளவு தூரம், போய்க்கொண்டே இருக்கிறது. கடலில் பலகைகள் குறைந்துவிட்டன. கடைசிப் பலகையில் ஒன்றுமே எழுதவில்லை, வெறும் பலகைதான்.

அதற்கு அப்புறம் பாதை அறுந்திருந்தது. முடிந்திருந்தது என்று நான் எழுதவில்லை பார், அறுந்திருந்தது. கத்தியால் நறுக்கியதுபோல் ஒரு தூண் நெட்டுவாக்கில் பாதி இருக்கிறது, பாதி இல்லை. வண்டி தண்ணீரில் விழுந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ள சதுரம் கிடைக்கவில்லை, அதற்குமேல் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். உன் மலை இருப்பது அதே சதுரத்தில்தான். உன் வீடு இருந்த இடத்துக்கு அடையாளமாக நீ எழுதிய எண்களை வைத்துக்கொண்டு ஒரு படகு செய்து போனோம், மலை இருந்தது, நீ சொன்ன மாதிரியே உச்சி தட்டையாக, பக்கத்தில் பிளவு. மேலே புல். உன் வீடு இல்லை, வேலி இல்லை, படி இல்லை, ஒரு கல்கூடப் புரட்டப்படவில்லை. இரண்டு ஆடுகள் நின்று எங்களைப் பார்த்தன. கடைக்காரம்மா இதைத்தான் சொல்லியிருந்தார். நாம் எல்லோரும் போனபிறகு பூமி இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. ஆகவே பாதை உன் வீடு வந்து சேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்த ஃபைல்களில் பதில் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. கடைக்காரம்மா இரண்டாவது முறையும் தேடிவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம், வந்து சேர்ந்துருச்சுன்னு எழுதிரு என்றார். வாசப்படி வரைக்கும் போட்டிருந்தான், நாங்க பாத்தோம், அப்புறம்தான் அந்த ஃபைல் கெட்டுப்போச்சுன்னு எழுது, அவளுக்கு எப்படித் தெரியும், அவ நிம்மதியா இருக்கட்டும் என்றார். மாட்டேன் என்றேன். அவள் ஆய்வகத்தில் நாள் முழுக்க உண்மையையும் பொய்யையும் பிரித்துக் கொடுக்கிறவள், அவளிடமா என்றேன். வாக்குவாதம் முற்றியது. அப்போதுதான் சொன்னார், நான் முழுப்பொய் சொல்லச் சொல்லல, அன்னைக்கு அவன் நின்ன எடத்துலேர்ந்து உன் மக வீட்டு வெளக்கு தெரிஞ்சுது என்று. அதாவது துடைப்பதற்கு முன்னால் அந்தச் சோதனை ஓட்டத்தில். இத்தனை நாள் வாய் திறக்காத மனிதர் நீ திட்டியபிறகு, பாதை அறுந்ததைப் பார்த்தபிறகு, திடீரென்று விளக்கு என்றால் நான் என்ன நினைக்கவேண்டும். துக்கம் கண்ணுக்கு எதையும் காட்டும். நானும்தான் கூட்டத்தில் அவன் சட்டையைப் பார்க்கிறேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். கண் சோதிக்கிற அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களில் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறவர் யார், யூகித்துச் சொல்கிறவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. யூகிக்கிறவர் சட்டென்று சொல்லிவிடுவார், என் முகத்தைப் பார்ப்பார், சரியா என்று கேட்பார். நிஜமாகப் பார்க்கிறவர் திணறுவார், இப்படியும் இருக்கு அப்படியும் இருக்கு என்பார், நமக்கு வேண்டாததையெல்லாம் சொல்வார். ஆகவே அப்பாவை உட்காரவைத்து வாடிக்கையாளரைக் கேட்பதுபோல் கேட்டேன். எந்தப் பக்கம் தெரிந்தது. நேரா, கொஞ்சம் சோத்துக் கைப் பக்கம். தெளிவாகவா மங்கலாகவா. புள்ளிதான், ஒரு குண்டூசித் தலை. என்ன நிறம். அதற்குத் திணறினார். மஞ்சள் இல்ல, நீலம் மாதிரி, அவன் வழியெல்லாம் வெச்சிருக்கிறது மஞ்சள்தானே, அதனாலதான் எனக்கு அது வெளக்குன்னே தோணல, ஸ்க்ரீன்ல ஏதோ புள்ளி செத்துப்போச்சுன்னு நெனச்சேன், கட்டைவிரலை வெச்சுத் தொடைச்சுகூடப் பாத்தேன், போகல, சரி ஸ்க்ரீன் கோளாறு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன் என்றார். புது விண்டோஸ் போட்டபிறகு அந்தப் புள்ளி இருந்ததா என்றேன். இல்லையே, அதுதான் இப்ப யோசிக்கிறேன் என்றார். என் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, தன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நான் கடையிலிருந்து வரும்போது அவர் அந்த உயரமான மேசையில் தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகலின் நகல் ஒன்றைத் திறந்து, உன் மலையுச்சியில் நீ சொன்ன எண்ணில் ஒரு பந்தம் நட்டுவிட்டு, அறுந்த தூணுக்குத் திரும்பி வந்திருக்கிறார். அங்கே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தூரத்தில் எல்லாவற்றையும் பனி மூடுகிறது. அங்கிருந்து படகில் கொஞ்சம் கொஞ்சமாக உன் மலையை நோக்கி நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, கட்டைவிரலைத் திரையில் வைத்துப் பார்த்திருக்கிறார். அன்று கட்டைவிரலால் திரையைத் துடைத்தபோது தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் அந்தப் புள்ளி இருந்ததாம். தூரத்தில் இருந்தால் விளக்கு தண்ணீரை ஒட்டிக்கொள்கிறது, கிட்டே போகப்போக மலை உயர்ந்து விளக்கும் உயர்கிறது. லிஃப்டை மாடித் தரையோடு மட்டம் பார்த்து நிறுத்துகிறமாதிரி முன்னே பின்னே போய்ப் போய், கடைசியில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். இங்க என்றார். எனக்கு உடனே கேட்கத் தோன்றியது, இது மலைக்கு எவ்வளவு பக்கம் என்று. பக்கத்துலதான், ஆனா சேரல என்றார். காலூன்ற மணலே இன்னும் வரல, கடல்லயேதான் நிக்கிறான், சேரலடி என்று சொல்லிவிட்டு எலியிலிருந்து கையை எடுத்தார். நேற்று வாசற்படி வரைக்கும் வந்ததாக எழுதச் சொன்ன அதே மனிதர்.

ஆகவே நான் உனக்கு எழுதக்கூடியது இவ்வளவுதான். பாதை உன் வீடு வந்து சேரவில்லை. கிடைத்த நிலத்தைத் தாண்டி, காணாமல்போன சதுரத்துக்குள்ளும் அவன் வெகுதூரம் வந்திருந்தான் என்று அப்பா சொல்கிறார். நின்ற இடத்திலிருந்து உன் விளக்கு தெரிந்தது என்கிறார். இதில் சந்தேகத்துக்கும் இடம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பனி எவ்வளவு தூரத்தில் மூடவேண்டும் என்று மாற்றி வைக்கலாமாம், கொசு எப்படி வைத்திருந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. கண்ணால் கண்டதும் பொய்யாகும் என்று சொல்வார்கள், என் தொழிலுக்கு அதைவிட உண்மை கிடையாது. அவர் கண்டது உன் விளக்கா, நிஜமாகவே செத்த புள்ளியா, இல்லை பிள்ளையைப் பறிகொடுத்தவர் மனது காட்டியதா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உன் வீட்டை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை. அங்கே என்ன விளக்கு வைத்திருந்தாய் என்பது கொசுவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இப்போது உனக்கு மட்டும்தான் தெரியும்.

பென்டிரைவில் இரண்டு உலகம் இருக்கிறது. ஒன்று கிடைத்தது கிடைத்தபடி, அதைத் திறக்காதே, அறுந்த தூண் வரைக்கும் உள்ளதெல்லாம் அவன் கை, அது அப்படியே இருக்கட்டும். மற்றது அப்பாவின் நகல். அதில் கடலுக்கு நடுவே ஒற்றைத் தூண் ஒன்று தனியாக நிற்கும், அவர் கணக்குப்படி கொசு நின்ற இடம் அது. அங்கிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு துண்டுத் தண்டவாளம்கூட அவர் போடவில்லை. போட்டுவிடட்டுமா என்று நான்தான் கேட்டேன், அவன் போடாததை நான் போட்டா அது எப்படி அவன் பாதையாகும் என்றார். மலையில் இருக்கும் மஞ்சள் பந்தத்தை நீ எடுத்துவிடலாம், அது அளவு பார்க்க வைத்தது.

உன் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைக்காதே, காது பக்கம் விரிந்துபோய் அப்புறம் மூக்கில் நிற்காது, நீ அனுப்பிய படத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நின்றுகொண்டே செய்கிற வேலை, தட்டையான செருப்பு போடாதே. அழுகை வந்தால் ஆய்வகத்தில் அடக்கிக்கொண்டு நிற்காதே, வெளியே போய் அழுதுவிட்டு வா. நீ நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கு முன்னால் நன்றாக இருக்கவேண்டும், அதைத் தவிர கேட்பதற்கு எனக்கு இப்போது ஒன்றும் மிச்சம் இல்லை.

மறக்காதே, கடிதம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. என்னை இல்லை, அவரை. வேறு ஒன்றும் பேசவேண்டாம், அந்த விளக்கு என்ன நிறம் என்று மட்டும் சொல். நீலம் என்றால் நீலம் என்று சொல். மஞ்சள் என்றாலும் மஞ்சள் என்றே சொல், பரிதாபப்பட்டு மாற்றிச் சொல்லிவிடாதே, அவர் கண்டுபிடித்துவிடுவார். சாயங்காலம் ஆனால் அவர் அந்த மேசையில்தான் இருப்பார், ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா